பதினான்காவது மூக்கு

பாலக்கரை, திருச்சி
12 பிப்ரவரி 1958

சேசு மரி சூசை

அன்புள்ள தங்கை மதலைமேரிக்கு, அக்கா இருதயமேரி எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றவர்கள் சௌக்கியம். உனக்குப் பட்டணத்துத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? முடி கொட்டுவது நின்றதா?

நீ கிருமிகளைப் படிக்கிறாய் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உன்னிடமே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் பொங்கலுக்குப் பிறகு பிறந்த குழந்தைகளில் ஒன்பது பேருக்கு உடம்பெல்லாம் சீழ்க்கட்டி. இரண்டு குழந்தைகள் போய்விட்டன. நர்ஸ்கள் நாங்கள் பெனிசிலின் போடுகிறோம். முன்பெல்லாம் இரண்டு ஊசியில் வாடிவிடும் கட்டி, இப்போது பத்து ஊசிக்கும் அசைவதில்லை. டாக்டர் ரத்தினவேல் மருந்து போலி என்று முடிவு செய்து, மருந்துக் கடை காஜா மைதீனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கத்தினார். "தண்ணியில மாவு கரைச்சு விக்கிறியாய்யா?" என்றார். அவர், "நானும் பிள்ளை குட்டிக்காரன் டாக்டரய்யா. சீல் உடைக்காத குப்பி, நீங்களே பாருங்க" என்று கண் கலங்கிவிட்டார்.

எங்கள் ஆயா மாரியாயி வேறு மாதிரி சொல்கிறாள். "போலியெல்லாம் இல்ல சிஸ்டர். இந்தச் சீழு மருந்தத் தின்னே கொழுத்துருச்சு."

ஒரு குப்பியை இத்துடன் ஆள் மூலம் அனுப்பியிருக்கிறேன். சோதித்துச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
இருதயமேரி


சென்னை
21 பிப்ரவரி 1958

அன்புள்ள அக்கா, நான் நலம். முடி கொட்டுவது நிற்கவில்லை. அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடத்தை நிறுத்த வேண்டாம்.

குப்பியில் இருப்பது நல்ல மருந்து. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் சாதாரணக் கிருமிகளின் நடுவே ஒரு துளி விட்டேன். மறுநாள் சுற்றிலும் ஒரு காசு அகலத்துக்கு எல்லாம் செத்துக் கிடந்தன. டாக்டர் காஜா மைதீனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்க மாட்டார்.

சரியாகச் சொன்னவள் மாரியாயிதான். பெனிசிலினை உடைத்துப் போடக் கற்றுக்கொண்ட கிருமி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பிரசவ ஆஸ்பத்திரிகளிலேயே அது பரவியதாகப் பத்திரிகைகளில் படித்தேன். அவை கப்பலில் மூன்று மாதம் தாமதமாக வருகின்றன, அதற்குள் இங்கே குழந்தைகள் பிறந்துவிடுகின்றன. வேகவைத்த பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டு, மூடிய குழாயில் அனுப்பு.

நான் சீழைக் கேட்டதும் எங்கள் இயக்குநர், "கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, பூ வாசனை பார்க்க வேண்டிய வயசு" என்றார். பக்கத்து மேசையில் இருப்பவனுக்கும் என் வயதுதான். அவன் மூன்று வருடமாக மலத்தைச் சோதிக்கிறான். அவனிடம் யாரும் பூவைப் பற்றிப் பேசியதில்லை.

மதலை


பாலக்கரை
24 மார்ச் 1958

சேசு மரி சூசை

மதலைக்கு, எல்லோரும் சுகம். அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள், என்னைத் திட்டிக்கொண்டே.

நான் அனுப்பிய சீழில் நீ சொன்ன கிருமியே இருக்கிறது என்ற உன் அட்டை வந்தது. அது வந்த அன்றுதான் பெரிய கடை வீதி நஜீமாவின் மகன் இறந்தான். பதினோரு நாள் குழந்தை. பெயர் வைத்து நான்கு நாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பால் குடிச்சானே சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிருமி யாரிடமிருந்து பரவுகிறது என்று பார்க்க நீ நேரில் வரலாம் என்று டாக்டர் சம்மதித்துவிட்டார். "உன் தங்கச்சி வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கட்டும்" என்று சிரித்தார். அவரிடம் மரியாதையாகப் பேசு. துறையூரிலிருந்தும் காட்டூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றால் அவருடைய கைராசிக்காகத்தான். பிள்ளை அவரைப் போல் வர வேண்டும் என்று சேனை வைக்கவும் அவரையே கேட்கிறார்கள். மாரியாயி கிண்ணத்தை நீட்ட, அவர் சுண்டுவிரலைச் சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்துக் குழந்தையின் நாக்கில் வைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார். நம் செல்வத்துக்கும் அவர்தான் வைத்தார். குறுக்கே கிடந்த பிள்ளையையும் என்னையும் பிழைக்க வைத்த கை அது. உனக்குத் தெரியாததல்ல.

இருதயமேரி


சென்னை
29 ஏப்ரல் 1958

அன்புள்ள அக்கா, பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளிச்சோறு விழுப்புரம் வரை வந்தது.

முடிவு தெரிந்துவிட்டது. இதை உட்கார்ந்து படி.

நான் எல்லோர் மூக்கிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்த அன்றைக்கு நடந்தது நினைவிருக்கிறதா? டாக்டர், "முதல்ல ஆயா மூக்குல விடும்மா. அவ உசிரோட இருந்தா அப்புறம் நாங்க வர்றோம்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். மாரியாயியும், "நான் போயிட்டா என் பொடி மட்டைய டாக்டரய்யாவுக்கே எழுதி வச்சிர்றேன்" என்றாள். அதனால் அவள் எண் ஒன்று. வந்த வரிசையில் நீயே பெயர்களை எழுதினாய். டாக்டர் எல்லா வேலையும் முடித்துக் கடைசியாக வந்தார். அவர் பதினான்கு.

பதிமூன்று பேரிடம் அந்தக் கிருமி இல்லை. உன்னிடமும் இல்லை, மாரியாயியிடமும் இல்லை. பதினான்காவது மூக்கில் இருக்கிறது. அவருடைய வலது கை விரல்களிலும் இருக்கிறது. எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நஜீமாவின் மகனைக் கொன்ற கிருமியும் இதுவும் ஒன்றே.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அது அவரை ஒன்றும் செய்யாமல் அவருக்குள் குடியிருக்கிறது, அவருக்கே தெரியாது. மூக்குக்கு வேறு மருந்துக் களிம்பு போட்டுக்கொண்டு ஒரு மாதம் குழந்தைகளைத் தொடாமல் இருந்தால் போதும். சேனை வேண்டவே வேண்டாம். ஒரு மாதம்தான் கேட்கிறேன்.

எங்கள் கூடத்தின் வழக்கப்படி அறிக்கையில் எண் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. பெயர் வரிசை உன்னிடம் இருக்கிறது. அறிக்கை வந்ததும் அதை எடுத்துக் காட்டு.

மதலை


பாலக்கரை
9 ஜூன் 1958

சேசு மரி சூசை

மதலைக்கு, அம்மாவுக்குப் பரவாயில்லை. செல்வம் ஐந்தாம் வகுப்பு போகிறான். மழை இல்லை.

அறிக்கை மே பிறந்ததுமே வந்தது. டாக்டர் எல்லோரையும் நிற்க வைத்துப் படித்தார். ஆஸ்பத்திரிக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மே மாதம் முழுவதும் ஒரு குழந்தைக்கும் கட்டி வரவில்லை. டாக்டர் அறிக்கை படித்த மறுநாளிலிருந்து மே முடியும் வரை கொடைக்கானலில் இருந்தார். சென்ற வாரம் வந்துவிட்டார்.

மாரியாயி இப்போது வேலைக்கு வருவதில்லை.

மாம்பழம் அனுப்பலாம் என்று பார்த்தேன், ரயிலில் நசுங்கிவிடும்.

இருதயமேரி


சென்னை
14 ஜூன் 1958

அக்கா,

மாரியாயி ஏன் வருவதில்லை?

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மாம்பழத்துக்கு ஒரு வரி, மழைக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாய். பதினான்கு யார் என்று நீ சொன்னாயா இல்லையா என்பதற்கு ஒரு வரி இல்லை.

எனக்கே புரிகிறது. உங்கள் சம்பள ஏட்டிலும், வருகைப் பதிவிலும், கிறிஸ்துமஸ் துணி வாங்கும் வரிசையிலும் டாக்டர் முதல், ஆயா கடைசி. பதினான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் பதினான்கு என்றால் ஆயா. யாரும் யோசித்திருக்க மாட்டார்கள், யோசிக்காமலேயே சரியாக இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நீ அங்கே நின்றாய். வரிசை உன் கையெழுத்தில் இருக்கிறது.

இயக்குநரிடம் போனேன். பெயரைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்புங்கள் என்றேன். "ரத்தினவேலும் நானும் ஒரே பெஞ்சில படிச்சவங்க. ஒரு ஆயாவுக்காக அவன் பேரைக் கெடுக்கச் சொல்றியா?" என்றார். கெடுக்கச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன் என்றேன். "நம்ம வேலை எண்ணோட முடிஞ்சுது. பேர் இருக்கிற தாள் உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டார். இல்லை. அது உன்னிடம் இருக்கிறது.

அந்தத் தாளை அனுப்பு.

மதலை


சென்னை
26 ஜூலை 1958

அக்கா, ஆறு வாரம் ஆகிறது. நீ நலமா என்று கேட்கக்கூட எனக்குக் கோபம் விடவில்லை. அம்மாவின் கடிதம் வந்தது, அதனால் நீ நலம் என்று தெரியும்.

கட்டுரை தயாராகிவிட்டது. ஐந்து மாதமாகக் கிருமி வளரும் தட்டுகளை எண்ணியவள் நான். முதல் பெயர் இயக்குநருடையது, இரண்டாவது பக்கத்து மேசைக்காரனுடையது. என் பெயர் அடியில் பொடி எழுத்தில், 'உதவி: ஒரு பெண் ஊழியர்' என்று இருக்கிறது. பெயரில்லை. மாரியாயிக்காவது ஒரு எண் கிடைத்தது.

தாளை அனுப்பு.

மதலை


பாலக்கரை
30 ஆகஸ்ட் 1958

மதலை,

தாள் இத்துடன் இருக்கிறது. மடித்து மடித்து வைத்ததில் நடுவில் கிழிந்திருக்கிறது, பெயர்கள் தெரிகின்றன.

அன்று டாக்டர் அறிக்கையைப் படித்துவிட்டு, "பதினாலு. யாரு பதினாலு?" என்று கேட்டு அவரே மாரியாயியைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "என்ன மேரி?" என்றார். "ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றும் தெரியாது. மாரியாயி, "நான் மொதல்ல வந்தேனே ஐயா" என்றாள். "எண்ணிப் பாக்கத் தெரியுமா உனக்கு?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டில் இருந்த கத்தரிக்கோலை நேராக வைத்தேன்.

என் பிள்ளையைப் பிழைக்க வைத்த கையைப் போய் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஜூனிலிருந்து ஏழு குழந்தைகளுக்குக் கட்டி. இரண்டு போய்விட்டன. இப்போதும் சேனை வைக்கிறார். கிண்ணத்தை நான் நீட்டுகிறேன்.

இன்னொன்றையும் நான் எழுதாமல் விட்டேன். மாரியாயியின் மகள் இருசம்மாள் துறையூரில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம், ஐப்பசியில் நாள். அம்மா வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். "பச்சப் புள்ளைங்களக் கொன்ன மூக்கு இருக்கிற வீட்டுக்கா அனுப்புறது?" என்று கேட்டார்களாம். டாக்டரிடமே பிரசவத்துக்குச் சேர்க்கப் போகிறார்கள். கைராசிக்காரர் அல்லவா.

மாரியாயி ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைத் தெருவில்தான் இருக்கிறாள். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

இருதயமேரி


(அஞ்சல் அட்டை)
சென்னை
3 செப்டம்பர் 1958

மாரியாயி அம்மாவுக்கு வணக்கம். நீங்கள் நலமாக இருக்க மாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் உறையில் போடாமல் அட்டையில் எழுதுகிறேன். தபால்காரர் முதல் தெருக்காரர் வரை எல்லோரும் படிக்கட்டும். மாரியாயியின் மூக்கைச் சோதித்தவள் நான். அதில் குழந்தைகளைக் கொல்லும் கிருமி இல்லை. மாரியாயி எண் ஒன்று. எண் பதினான்கு டாக்டர் ரத்தினவேல். பெயர் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.

மதலைமேரி


ஸ்ரீரங்கம்
19 செப்டம்பர் 1958

மதலைம்மாவுக்கு மாரியாயி சொல்லி எழுதிக்கொண்டது. நான் உசிரோட இருக்கேன். நீங்க நல்லா இருக்கணும்.

அட்டை வந்துச்சு. தபால்காரர் தெருவுலயே நின்னு சத்தமாப் படிச்சாரு. ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். குழாயடியில எனக்கு ஒதுங்கி நின்னவளுங்க இப்ப பக்கத்துல நிக்கிறாளுங்க. அது நல்லதுதான்.

அட்டைய எடுத்துக்கிட்டுத் துறையூர் போனேன். சம்பந்தி பிச்சமுத்து வாங்கித் திருப்பிப் பார்த்துட்டு, "அட்டைய யார் வேணா எழுதலாம். டாக்டர் பொய் சொல்வாரா?"ன்னு கேட்டாரு. எம் பொண்ண வாசல்ல நின்னு பாத்துட்டு வந்தேன். வயிறு கீழ எறங்கிருச்சு.

ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் கேப்பேன். சித்திரையிலயே உங்களுக்குத் தெரியும். எனக்கு ஆவணியிலதான் சொல்றீங்க. நடுவுல நாலு மாசம் நான் எங்கிட்டேயே, நம்ம மூக்குதான் கொன்னுச்சோ, நம்ம மூக்குதான் கொன்னுச்சோன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். என் மூக்க நானே அறுத்துக்கலாம்னு ஒரு நாள் அருவாமணைய எடுத்தேன். நீங்க அந்தக் காகிதத்துல மாரியாயின்னு எழுதியிருந்தா அத எவனும் மாத்திப் படிச்சிருக்க முடியாது. நம்பர் போட்டு யாரைக் காப்பாத்துனீங்க?

இத எழுதுனது மருந்துக் கடை காஜா மைதீன் பாய். அவரும் ரெண்டு வரி எழுதணும்கிறாரு.

அம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். என் மருந்து சுத்தம் என்று நீங்கள் பிப்ரவரியில் எழுதினீர்களாம். மாரியாயி சொல்லி எனக்கு இன்றுதான் தெரியும். ஊரில் நான் இன்னும் மாவு கரைத்து விற்கிறவன்தான்.
கா. மைதீன்


சென்னை
25 செப்டம்பர் 1958

அக்கா,

மாரியாயியின் கடிதத்தைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.  பெயரை மறைத்தால் யாருக்கும் தீங்கு வராது என்று படித்தேன், அப்படியே நம்பினேன். பெயர் போனதும் மிச்சம் இருந்தது வரிசை மட்டும், அந்த வரிசையில் யார் எங்கே நிற்பார்கள் என்பது ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது. உன் மேல் இவ்வளவு கோபப்பட்ட நான் அதே ஏப்ரலில் மாரியாயிக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதத் தோன்றவேயில்லை. அறிக்கை யாருக்குப் போக வேண்டும் என்று நினைத்தபோது எனக்கும் டாக்டர்தான் நினைவுக்கு வந்தார்.

நானே துறையூருக்குப் போக விடுமுறை கேட்டேன். போனால் அந்தக் கிருமிகள் வளரும் குழாய்களைக் கழுவி வைத்துவிடுவார்கள் என்று பக்கத்து மேசைக்காரன் நல்ல மனதோடு எச்சரித்தான். அவை போனால் சாட்சி போயிற்று. தினமும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். என் பெயரில் தனியாக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் பதினான்கு என்று இருக்காது, 'மருத்துவர்' என்று இருக்கும். அச்சானால் இங்கே என் மேசை இருக்காது. வேறு ஊரில், வேறு கூடத்தில், வேறு மேசை தேடுவேன். இந்தக் கிருமியை நான் விடப் போவதில்லை.

ஆகையால் நீதான் துறையூர் போக வேண்டும். நர்ஸ் உடுப்போடு போ. தாளை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். பிரதி போட்டோ எடுத்து வைத்துவிட்டேன். ஐப்பசிக்கு மூன்று வாரம் இருக்கிறது.

மதலை


பாலக்கரை
8 நவம்பர் 1958

சேசு மரி சூசை

அன்புள்ள தங்கை மதலைக்கு, அம்மா முதல் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும் உன் குழாய்களின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதம் வந்த வாரம் ஞாயிறு பூசை முடிந்து, உடுப்பைப் போட்டுக்கொண்டு மாரியாயி வீட்டுக்குப் போனேன். அவள் கதவைப் பாதி திறந்து, "யாரு, கத்தரிக்கோல் சிஸ்டரா?" என்றாள். துறையூர் போகலாம் என்று சொல்லிக்கொண்டே நான் அழுதேன். அவள், "அழுறத பஸ்ஸுல வச்சுக்கங்க, நேரமாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். சத்திரம் பேருந்து நிலையத்தில் அவளே துறையூர் பஸ்ஸில் இடம் பிடித்தாள்.

பிச்சமுத்து நாற்காலி போட்டார், எனக்கு மட்டும். நான் உட்காரவில்லை. தாளை நீட்டினேன்.

"இது என் கையெழுத்து. மொதல் பேரு மாரியாயி, கடைசிப் பேரு டாக்டர் ரத்தினவேல். கிருமி கடைசி ஆளுகிட்டதான் இருக்கு."

"அவ்வளவு படிச்சவரு மூக்குல இருக்குங்கிறீங்க, இந்தம்மா மூக்குல இல்லங்கிறீங்க. கேக்குறவன் சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும். அவரு சேனை வச்ச குழந்தைங்க அஞ்சு செத்துருக்கு. கடைசி ரெண்டுக்குக் கிண்ணம் நீட்டுனது நான்."

அவர் தாளில் பெயர்களை விரல் வைத்து எண்ணினார். பிறகு, "இது தெரிஞ்சும் ஏன் இத்தனை மாசம் வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

"பயந்துகிட்டுங்க" என்றேன்.

மற்ற எதையும் அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பினார். உள்ளே திரும்பி, "பொண்ணு துணிமணிய எடுத்து வைங்க" என்றார். அவர் மனைவி மட்டும், "எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். நம்பர் போடவில்லை.

மறுநாள் டாக்டரிடமும் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உன் பையன் குறுக்க கிடந்தான் மேரி" என்றார். "ஆமாங்க ஐயா. அதுக்காகத்தான் இவ்வளவு நாள் சும்மா இருந்தேன்" என்றேன். "நாளையிலிருந்து வர வேணாம்" என்றார். நஜீமா வீட்டுக்கும், இறந்த மற்ற நான்கு குழந்தைகளின் வீடுகளுக்கும் நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வீட்டில் என்னை அடிக்க வந்தார்கள். காஜா மைதீன் கடை வாசலில் நின்று, அவர் மருந்து நல்ல மருந்து என்றும் சொன்னேன். டாக்டர் மாரியாயியைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவரிடம் இன்னும் கூட்டம் வருகிறது, முன்பு போல் இல்லை. ஆகையால் நீ கட்டுரையை நிறுத்தாதே.

நேற்று விடியற்காலை இருசம்மாளுக்குப் பெண் குழந்தை, கொள்ளிடக் கரைத் தெருவில், என் கையில் பிறந்தது. வலி எடுத்ததும் நான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். மாரியாயி என்னை மேலும் கீழும் பார்த்து, "மறுபடி கழுவுங்க" என்றாள். கழுவினேன். "முழங்கை வரைக்கும்" என்றாள். கழுவினேன். வெந்நீரில் போட்டுக் காயவைத்த துணி ஒன்றை நீட்டி, "மூக்கக் கட்டுங்க சிஸ்டர்" என்றாள்.

கட்டிக்கொண்டேன். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று அவள் இழுத்துப் பார்த்த பிறகுதான் மகளிடம் என்னை விட்டாள்.

உன் அக்கா
இருதயமேரி